இம்பாலாவுக்கு மூன்றாவது பெடல் எதற்கு?

பெரிய பழைய அமெரிக்க செடானில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவல் பெட்டி பொருத்துகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "கம்பெனியே இப்படித்தான் செய்திருக்கணும்." இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சரியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் புகார்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் தேறாது. அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1994 முதல் 1996 வரை வந்த செவ்ரோலே இம்பாலா எஸ்எஸ். இந்த வகை மாற்றத்துக்கு அதிகம் இழுக்கப்படும் வண்டிகளில் அது ஒன்று. காரணமும் வலுவானது.

வண்டி எங்கிருந்து வந்தது

1991-ல் செவ்ரோலே தன் பெரிய செடானான கப்ரீஸுக்குப் புது உடம்பு கொடுத்தது. உருண்டு திரண்ட வடிவம். பார்த்தவர்கள் திமிங்கலம் என்று கிண்டல் செய்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பகுதி போலீஸ், டாக்ஸி, வயதானவர்கள். 1992-ல் லாஸ் வேகஸில் நடந்த செமா கண்காட்சிக்கு, ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே இருந்த ஜான் மாஸ் குழு அந்தத் திமிங்கலத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தாழ்த்தி, பெரிய சக்கரம் மாட்டி நிறுத்தியது. கூட்டம் மொய்த்தது. கம்பெனி அதையே 1994 மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உள்ளே இருந்ததெல்லாம் ஏற்கெனவே கிடங்கில் கிடந்த சாமான்கள்தான். போலீஸ் கப்ரீஸின் சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 17 அங்குலச் சக்கரம், 3.08 பல் விகிதமுள்ள டிஃபரன்ஷியல். எஞ்சின் எல்டி1 என்ற 5.7 லிட்டர் வி8. 260 குதிரைசக்தி, 330 பவுண்ட்-அடி முறுக்குவிசை. எடை 4,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, நம் கணக்கில் 1,800 கிலோவைத் தாண்டும். மூன்று வருடத்தில் ஏறத்தாழ எழுபதாயிரம் வண்டி. 1996 கடைசியில் டெக்ஸாஸ் ஆர்லிங்டன் ஆலையில் இந்த வரிசையை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் லாபம் கொழிக்கும் பெரிய எஸ்யூவிகளைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

கியர்பாக்ஸ்? நாலு கியர் ஆட்டோமேட்டிக், 4எல்60-இ. அது ஒன்றுதான். வேறு தேர்வே இல்லை. 1994, 1995 வண்டிகளில் செலக்டர் ஸ்டியரிங் கம்பத்தில் இருந்தது. பழைய அம்பாசடரில் கியர் இருக்குமே, அந்த இடத்தில். ஆனால் கிளட்ச் கிடையாது. 1996-ல்தான் தரைக்கு இறங்கியது.

குற்றச்சாட்டு நியாயமானதுதான்

இப்போது கோபக்காரர்களின் வாதத்தை முழுதாகக் கேட்போம்.

அதே வருடங்களில், அதே நிறுவனம், ஏறத்தாழ இதே எல்டி1 எஞ்சினை கமாரோவில் வைத்து, அதன் பின்னால் டி56 என்ற ஆறு கியர் மேனுவல் பெட்டியை மாட்டி விற்றுக்கொண்டிருந்தது. அதாவது எஞ்சினும் வீட்டில், பெட்டியும் வீட்டில். பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாமே அடுத்த அலமாரியில். ஒரே ஒரு பெடல் கட்டமைப்பும், தரையில் ஒரு ஓட்டையும், கொஞ்சம் சோதனைச் செலவும்தான் இடையில் நின்றது.

இன்னொன்று, பெயர். இம்பாலா எஸ்எஸ் என்ற பெயர் 1961-ல் வந்தது. அப்போது 409 கன அங்குல எஞ்சினும் நாலு கியர் மேனுவலும் சேர்ந்துதான் அந்தப் பெயருக்கு மவுசு கொடுத்தன. அறுபதுகளின் கடைசி வரை முழு அளவு செவ்ரோலேயில் நாலு கியர் வாங்க முடிந்தது. ஆக, தாத்தாவுக்கு கிளட்ச் இருந்தது, பேரனுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. பெயரை எடுத்துக்கொண்டு அதன் பாதியை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் மறுக்க வழியில்லை.

மூன்றாவது, அந்த ஆட்டோமேட்டிக் பெட்டியின் குணம். அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எஞ்சின் சுற்று கிட்டத்தட்ட பாதியாக விழும். 5,000 சுற்றில் மாற்றினால் 2,700-க்குக் கீழே வந்து நிற்கும். முதலில் பாய்ந்து, அப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். டி56-ல் அதே மாற்றம் 2.66-லிருந்து 1.78-க்கு, சுற்று மூன்றில் ஒரு பங்குதான் விழும். அது மட்டுமா? 4எல்60-இ இந்த எஞ்சினுக்குப் பின்னால் ரொம்ப நாள் தாங்குகிற பெட்டி அல்ல என்பது இந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. மூன்றாவது-நான்காவது கிளட்ச் தகடுகள் தேய்ந்து போவது சர்வசாதாரணம். எப்படியும் பெட்டியைக் கழற்றித்தான் ஆகணும் என்ற நாள் வரும்போது, "அதையே ஏன் திரும்பப் போடணும்?" என்ற கேள்வி தானாக வரும்.

இதுவரை நான் அவர்கள் பக்கம்.

கணக்கு இடிக்கிற இடம்

இனிமேல் கொஞ்சம் பெருக்கல். பயப்பட வேண்டாம், எல்லாம் இரண்டு எண்ணைப் பெருக்குவதுதான்.

வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்ப, எஞ்சினின் முறுக்கு சக்கரத்துக்குப் போகும்போது எத்தனை மடங்கு ஆகிறது என்பது முக்கியம். முதல் கியர் விகிதத்தை டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

கம்பெனி ஆட்டோமேட்டிக்: 3.06 பெருக்கல் 3.08, அதாவது 9.4. இதோடு முடியவில்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிற அந்தப் பாத்திரம், வண்டி நிற்கும் கணத்தில் முறுக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ஆக கிளம்பும் நொடியில் மொத்தம் பதினெட்டு, பத்தொன்பது மடங்கு.

டி56 மாட்டி டிஃபரன்ஷியலைத் தொடாமல் விட்டால்: 2.66 பெருக்கல் 3.08, 8.2. கிளட்ச் எதையும் பெருக்காது. ஹாஃப் கிளட்ச்சில் எவ்வளவு முறுக்கு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் வெளியே வரும். சுற்று வித்தியாசம் முழுக்க சூடாகி வீணாகும். பதினெட்டு மடங்கு இருந்த இடத்தில் எட்டு மடங்கு. 1,800 கிலோ வண்டியை சிக்னலில் கிளப்புவதற்கு!

இதே பெட்டி கமாரோவில் எப்படி நன்றாக இருந்தது? அங்கே டிஃபரன்ஷியல் 3.42. பெருக்கினால் 9.1. வண்டியின் எடையும் இம்பாலாவைவிட சுமார் 600 பவுண்ட், அதாவது 270 கிலோ குறைவு. அதே எடை-விசை உறவு இம்பாலாவில் வரணும் என்றால் மொத்த விகிதம் 10.8 பக்கம் இருக்கணும். அதற்கு டிஃபரன்ஷியல் 4.05 ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் பல் ஜோடிகளில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 4.10. அனுபவசாலிகள் "4.10 போடு, குறைந்தது 3.73 போடு" என்று சொல்வது வேகப் பைத்தியத்தால் அல்ல, இந்தப் பெருக்கலால்தான்.

மறுமுனையையும் பார்ப்போம். கம்பெனி டயர் அளவை வைத்து நான் போட்ட கணக்கு: மணிக்கு 112 கிலோமீட்டரில், டிஃபரன்ஷியலை மாற்றாத டி56-ன் ஆறாவது கியரில் எஞ்சின் சுமார் 1,340 சுற்றில் ஓடும். இந்தக் கனத்துக்கு அது முனகல். சின்ன மேடு வந்தாலும் ஐந்துக்கு இறக்கணும். பழைய ஆட்டோமேட்டிக் அதே வேகத்தில் சுமார் 1,880 சுற்றில் நிம்மதியாகப் போகும். 4.10 போட்டால் ஆறாவது கியர் 1,780-க்கு வந்துவிடுகிறது. அதாவது, பின்னால் பல் ஜோடியை மாற்றிய பிறகுதான் ஆறாவது கியர் என்பதே உபயோகமான கியர் ஆகிறது. மாற்றாதவர்கள் ஆறு கியருக்குக் காசு கொடுத்து ஐந்து கியர் வண்டி ஓட்டுகிறார்கள்.

என் முதல் விமர்சனம் இதுதான். இந்த மாற்றத்தை எல்லாரும் கியர்பாக்ஸ் மாற்றம் என்கிறார்கள். உண்மையில் இது கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்த ஒரே மாற்றம். ஒன்றை மட்டும் செய்வது, செருப்பில் ஒரு கால் மட்டும் வாங்கியது போல.

எஞ்சின் கேட்கவில்லை

இரண்டாவது விமர்சனம் கொஞ்சம் நுட்பமானது. கமாரோவின் எல்டி1-க்கும் இம்பாலாவின் எல்டி1-க்கும் பெயர்தான் ஒன்று. கமாரோவில் அலுமினிய ஹெட். இம்பாலாவில் வார்ப்பிரும்பு ஹெட், கேம்ஷாஃப்ட்டும் அடிச்சுற்று இழுவைக்காக அமைத்தது. 5,000 சுற்றில் அதன் சக்தி உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மிதிப்பதால் சத்தம்தான் கூடும்.

மேனுவல் கியரின் சுகம் எங்கே இருக்கிறது? எஞ்சினை ஏற்றி, அதன் குரல் மாறுகிற இடத்தைக் காதால் பிடித்து, சரியான நொடியில் மாற்றுவதில். அந்த ஏற்றம் இந்த எஞ்சினில் குறைவு. எந்தச் சுற்றில் மிதித்தாலும் ஒரே மாதிரி இழுக்கும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஊருக்குள் முழுக்க ஓட்டலாம். ஓட்டுகிறவர்கள் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்: "கியர் மாத்தவே தேவையில்லைங்க, அவ்வளவு இழுவை." எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி வேண்டும் என்றால் அது ஏற்கெனவே கையில் இருந்ததே!

ஒப்பிட்டுப் பார்க்க, அதே காலத்து பிஎம்டபிள்யூ எம்5. அது மேனுவலில் மட்டுமே வந்தது. சுற்றில் ஏறி ஏறிப் பாடும் ஆறு சிலிண்டர் எஞ்சின், உட்காரும் நிலை, பெடல்களின் இடைவெளி எல்லாமே ஒரு கிளட்ச் பெடலைச் சுற்றி யோசிக்கப்பட்டவை. இம்பாலாவோ தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடம்பு, பின்னால் முழு ஆக்ஸில், பழைய பந்துச் சுழற்சி ஸ்டியரிங். கிளட்ச் வந்ததால் ஸ்டியரிங் கூர்மையாகாது. இடது காலுக்கு வேலை வந்தது. கைகளுக்கு வந்த செய்தி மாறவில்லை.

நான்காவது பெடல்

மூன்றாவதாக வருவது பாதுகாப்பு. இதைப் பற்றித்தான் ரொம்பக் குறைவாகப் பேசுகிறார்கள்.

இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் கையில் இல்லை. இடது காலால் மிதிக்கிற பெடல். ஆட்டோமேட்டிக்கில் அது பிரச்சினையே இல்லை. இடது கால் சும்மா இருக்கிறது, 'பார்க்'கில் போட்டால் பெட்டியே பூட்டிக்கொள்ளும். கிளட்ச் வந்ததும் கதை மாறுகிறது. மேட்டில் நின்று கிளம்புவதை யோசித்துப் பாருங்கள். ஒரு கால் கிளட்ச்சில், ஒரு கால் பிரேக்கில். ஆக்ஸிலேட்டருக்கு? பார்க்கிங் பிரேக்குக்கு? நாலு பெடல், இரண்டு கால். நம்மூரில் ஓட்டக் கற்ற எவரும் மேட்டில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மூவிங் எடுக்கக் கற்றிருப்பார்கள். இங்கே அந்தப் பிடிமானமே கிடையாது. பழகிவிடலாம், பழைய அமெரிக்க லாரிக்காரர்கள் பழகித்தான் ஓட்டினார்கள். ஆனால் வீட்டில் அந்த வண்டியின் சாவியை எடுக்கிற இன்னொருவர் பழகியிருப்பாரா?

அடுத்தது ஸ்டார்ட் ஆகும் விஷயம். ஆட்டோமேட்டிக்கில் பார்க் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். பெட்டியைக் கழற்றும்போது அந்த சுவிட்சும் போய்விடும். சரியாகச் செய்கிறவர்கள் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி கட்டுவார்கள். அவசரக்காரர்கள் இரண்டு ஒயரை முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கியரில் நிற்கிற வண்டியின் சாவியைத் திருப்பினால், 1,800 கிலோ ஒரு அடி முன்னால் துள்ளும். முன்னால் சுவர் இருந்தால் செலவு. ஆள் இருந்தால்?

பெடலைத் தாங்கும் தகடும் அப்படித்தான். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரை எஞ்சின் பக்கத்துத் தடுப்புத் தகட்டில் துளை போட்டு மாட்டுகிறார்கள். ஒவ்வொரு மிதியிலும் அந்த மெல்லிய தகடு வளையும். பின்னால் பட்டை கொடுத்து வலுப்படுத்தாவிட்டால் நாளடைவில் தகடு வெடிக்கும், பெடல் பாதி தூரம் ஒன்றும் செய்யாமல் போகும். கம்பெனி செய்திருந்தால் இதையெல்லாம் ஆயிரக்கணக்கான முறை மிதித்துச் சோதித்திருக்கும். கொட்டகையில் செய்கிற மாற்றத்தில் அந்தச் சோதனையை ஓட்டுகிறவரே தன் உடம்பால் செய்கிறார்.

மின்பகுதி பற்றிச் சுருக்கமாக: எஞ்சின் கணினி இன்னமும் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். மேனுவலுக்கான நிரலை ஏற்றாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது. ரிவர்ஸைத் தவறிப் போடாமல் தடுக்கும் சொலினாய்டுக்கு இணைப்பு கொடுக்கணும், ரிவர்ஸ் லைட்டுக்கு ஒயர் இழுக்கணும். இதெல்லாம் வேலைதான், வில்லங்கம் அல்ல. பொறுமை இருந்தால் முடியும்.

கம்பெனி ஒருமுறை கேட்டுப் பார்த்தது

"கம்பெனியே செய்திருக்கணும்" என்ற வாக்கியத்துக்கு வரலாறு ஒரு பதிலும் வைத்திருக்கிறது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் பிற்பாடு செய்தது. 2004 கேடிலாக் சிடிஎஸ்-வி மேனுவலில் மட்டும் வந்தது, அதுவும் ஒரு டி56 பெட்டியோடு. 2009 பான்டியாக் ஜி8 ஜிஎக்ஸ்பி-யில் ஆறு கியர் மேனுவல் கிடைத்தது. 2015 முதல் செவ்ரோலே எஸ்எஸ் செடானிலும் கிடைத்தது. கடைசி இரண்டும் ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் ஆலையில் உருவானவை. அங்கே பெரிய செடானில் கிளட்ச் என்பது அதிசயமாக இருந்ததில்லை. இம்பாலா ரசிகர்கள் இருபது வருடம் கேட்ட வண்டி கடையில் வந்து நின்றது: பெரிய உடம்பு, வி8, நாலு கதவு, மூன்று பெடல். வாங்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். 2017-ல் ஆலையே மூடியது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. 1994-ல் கம்பெனி செய்யாதது சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். விரும்புகிறவர்கள் இருந்தார்கள், ரொம்ப ஆழமாக விரும்பினார்கள், ஆனால் எண்ணிக்கையில் சொற்பம். ஒரு ஆலையை நடத்த அந்த ஆழம் போதாது. ஒரு கொட்டகையை நடத்தப் போதும்.

அப்படியென்றால் செய்யலாமா?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றம் வண்டியை முழுமையாக்குகிறது என்பதை நான் ஏற்கவில்லை. இம்பாலா எஸ்எஸ் குறைபட்ட வண்டி அல்ல. சோம்பலான சக்தி, நீண்ட நெடுஞ்சாலை, ஒரு கை ஸ்டியரிங்கில் ஒரு கை ஜன்னலில் என்ற ஒரு முழுமையான யோசனை அது. கிளட்ச் சேர்த்தால் அந்த யோசனை கலைந்து வேறொரு வண்டி கிடைக்கிறது. அந்த வேறொரு வண்டி நன்றாக இருக்கலாம், அது தனி விஷயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்கு நான் தலைவணங்குவேன். ஒரு பொருளைப் பற்றிக் குறை சொல்வது எளிது. இவர்கள் குறையை எழுதாமல் செய்து காட்டுகிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் விலை கொடுத்து, கையில் கிரீஸோடு, "நீ விட்டது இது" என்று கம்பெனிக்குக் காட்டுகிறார்கள். விமர்சனத்தில் இதைவிட நேர்மையான வடிவம் குறைவு. வேகம் கூடாவிட்டாலும் ஒன்று நிச்சயம் கூடுகிறது: கவனம். தானாக நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தை ஓட்டுநர் திரும்பத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறார்.

அதனால் செய்யப் போகிறவர்களிடம் நான் கேட்பது நாலே விஷயம். பெட்டி செத்த வண்டியில் செய்யுங்கள். நன்றாக ஓடுகிற, துரு பிடிக்காத 1996 வண்டியை அறுக்காதீர்கள், அவை இனி பிறக்கப் போவதில்லை. டிஃபரன்ஷியலைச் சேர்த்தே செலவுக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். கிளட்ச் சுவிட்சையும் தகட்டு வலுவையும் கடைசி வேலையாக வைக்காமல் முதல் வேலையாக வையுங்கள். கழற்றிய செலக்டர், பெடல், ஒயர் கட்டு எல்லாவற்றையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

அந்தப் பெட்டி முக்கியம். இன்னும் இருபது வருடம் கழித்து அந்த வண்டியை வாங்குகிற யாரோ ஒருவர், இடது காலை நீட்டி உட்கார ஆசைப்படலாம். அவருக்கும் தன் விமர்சனத்தைச் செய்து பார்க்க வழி இருக்கணும்.